பிழை எதுவும் இல்லை

மடிக்கணினித் திரையில் இரண்டு ஐகான்கள்.
ஒன்று நீலம். மூன்று வருடமாக மாறாதது.
இன்னொன்று ஆரஞ்சு, ஓரத்தில் பொடி எழுத்தில் பீட்டா,
வயது பதினொரு நாள்.

மூஹு தீவில் இரவு ஒன்றேகால்.
ஷெட்டுக்கு வெளியே மைனஸ் பதினேழு,
உள்ளே, ஹீட்டர் புண்ணியத்தில், மைனஸ் ஒன்பது.
காலை ஆறு முப்பத்தைந்து ஃபெரியில்
லேலோ ஏறியாக வேண்டும்.
அக்கரையில் பிரசவம் பார்ப்பவள்.
குழந்தைகள் ஃபெரி நேரம் பார்த்துப் பிறப்பதில்லை என்பாள்.
ஃபெரியும் குழந்தைக்காக நிற்பதில்லை.

வோல்வோ சுற்றுகிறது, சுற்றுகிறது,
பிடிக்கமாட்டேன் என்கிறது.

ஸ்டீயரிங்குக்கு அடியில் கேபிளைச் செருகி
நீலத்தைத் திறந்தேன்.
வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல்
ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது.
என்ஜின்? உள்ளேன் ஐயா.
பிரேக்? உள்ளேன் ஐயா.
ஏர்பேக்கும் உள்ளேன் என்றது, தூக்கக் கலக்கத்தில்.
முடிவில் பச்சைக் கட்டத்துக்குள்:
பிழை எதுவும் இல்லை.

பிழை எதுவும் இல்லாத வண்டி
என் எதிரில் செத்துக் கிடக்கிறது.

ஆரஞ்சுப் பக்கம் விரல் போகவில்லை. காரணம் இருக்கிறது.
போன பிப்ரவரி, அதன் ஐந்தாம் பதிப்பில்
கதவு அலகில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன்.
ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி கீழே இறங்கியது,
மூன்று நாள் ஏறவில்லை.
போர்வைக்குள் புதைந்தபடி லேலோ வேலைக்குப் போனாள்,
நாலாம் நாள்தான் என்னோடு பேசினாள்.
மச்சான் கார்மோ கதை இன்னும் மோசம்:
பாதி எழுதும்போது பேட்டரி இறங்கி
நானூற்றிருபது யூரோ அலகு செங்கல்லாகிப்போனது.
மின்சார பில்கள் பறக்காமலிருக்க
அதைத்தான் மேலே வைத்திருக்கிறான்.

ஒன்றே முக்கால்.
சரி, என்று அழுத்தினேன்.

திறந்ததுமே சொல்லிவிட்டது:
வாசிக்கலாம். எழுதாதீர்கள்.
எழுதினால் நாங்கள் பொறுப்பல்ல.
எனக்கு இந்த வண்டியை விற்றவன்
இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை.

மறுபடி வருகைப் பதிவு.
நடுவில், நீலம் கூப்பிடாத ஒருவன்.
பெயர்கூடக் கிடையாது: அறியப்படாத அலகு,
மின்னழுத்தம் எட்டு புள்ளி ஒன்று.
என்ஜின் வெப்பநிலை மைனஸ் நாலாயிரத்துத் தொண்ணூறு
என்றும் சேர்த்துச் சொன்னது.
சூரியனுக்கு அப்பால்கூட அவ்வளவு குளிர் இல்லை.
உளறலும் உண்மையும் ஒரே வாயிலிருந்து,
ஒரே எழுத்துருவில்.

மல்டிமீட்டரை எடுத்தேன். அதற்குப் பதிப்பு கிடையாது.
எட்டு புள்ளி ஒன்று என்றது அதுவும்,
முள் நடுங்க.

இடது இருக்கையைக் கழற்றி
விரிப்பைத் தூக்கினால்,
குளிர்காலம் முழுக்க பூட்ஸில் ஏறிவந்த பனி
உருகி, தேங்கி, மறுபடி உறைந்து
தகடாகக் கிடந்தது.
அதன் அடியில் கனெக்டர் பச்சை பூத்திருந்தது.
கம்பி பிரஷ், கொஞ்சம் வினிகர்,
லேலோவின் ஹேர் டிரையர், அவளுக்குத் தெரியாமல்.
நாலு பத்துக்குச் சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது.
அதே நொடியில் ஆரஞ்சு உறைந்து
தன்னைத்தானே மூடிக்கொண்டது,
நன்றி சொல்லக்கூட இடம் தராமல்.

டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை.
நீலத்துக்கு அப்படியொரு பிழையே தெரியாது,
தெரியாததை எப்படி அழிக்கும்?
ஆரஞ்சைத் திரும்பத் திறந்தால்
அழி என்ற பொத்தான் இருந்தது, பெரிதாக, உருண்டையாக.
அழிப்பதும் எழுதுவதுதான்.
கேபிளைப் பிடுங்கினேன்.

ஐந்தே முக்காலுக்கு லேலோ வந்து உட்கார்ந்தாள்,
தெர்மாஸைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவைத்தாள்.
"இந்த மஞ்சள் விளக்கு என்ன?"
"அடுத்த பதிப்பில் போய்விடும்."
என்னைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.
எதுவும் சொல்லாமல்
ஜன்னல் கண்ணாடியை ஒருமுறை இறக்கி,
ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டுக்
கிளம்பினாள்.