பன்னிரண்டு மில்லிமீட்டர்

முன்சக்கரம் தலையாட்டுகிறது என்றான் எவரிஸ்தோ.
மணலில் மூன்றாம் கியரில் போகும்போது
யாரோ ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்குவதுபோல.
வேகத்தைக் குறைத்தால் மூக்கால் குத்துகிறது.
உன் ஃபோர்க் வேலை சரியில்லை, யாரிட்சா.

என் வேலை சரியாகத்தான் இருந்தது.
இருந்தாலும் டேப்பை எடுத்தேன்.

கலாமாவில் ஜூலை மாதக் காலை.
ஷெட்டின் தகரம் குளிரில் முனகிக்கொண்டிருந்தது.
சுரங்கத்தின் இரவு ஷிப்ட் பேருந்து
தூங்கி விழும் தலைகளோடு கடந்து போனது.

இந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டும்.
ஒருவன் ஏற, ஒருவன் பிடிக்க, ஒருத்தி குனிய.
பிடிப்பதற்குப் பக்கத்துக் கடை ஒசியேலைக் கூப்பிட்டோம்.
கடித்த ரொட்டியும் கையுமாக வந்தான்.

முதலில் ஸ்டாண்டில், சக்கரம் அந்தரத்தில்:
அச்சிலிருந்து மட்கார்டில் நான் கீறிய கோடுவரை
அறுநூற்றுப் பத்து.
இறக்கி நிறுத்தினால், தன் எடைக்கே
முப்பத்தைந்து அமுங்கியது.
அது வண்டியின் சொந்தக் கணக்கு.
பிறகு அவன் ஏறினான்,
பூட்ஸ், ஹெல்மெட், மார்புக் கவசம், முதுகுப் பை சகிதம்.
இரண்டு முறை குலுக்கி அடங்கி உட்கார்ந்தான்.
ஐந்நூற்று ஐந்து.
நூற்றைந்து அமுங்கல்.
போன வருஷம் பென்சிலால் சுவரில் எழுதிய அதே எண்.

அளவு பொய் சொல்லாது என்பார்கள்.
மணலும்தான் சொல்லாது.
பின்பக்கம் தூக்கி நின்றால்தான்
முன்பக்கம் இப்படிப் பதறும்.
பின்பக்கம் தணிந்திருந்தாலோ
வளைவில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது,
வெளியே வெளியே மிதந்து போகும்.
அவன் சொன்னது முதல் வியாதி.
டேப் சொன்னது, வியாதியே இல்லை.

இறங்கும்போது
அவன் ஜாக்கெட் ஒரு பக்கமாகத் தொங்கியது.
பையைக் காட்டு என்றேன்.
சிரித்தான். காட்டவில்லை.
ஒசியேல் மெல்லுவதை நிறுத்தினான்.

ஒரு பழைய செயின்.
இருபத்தேழாம் நம்பர் ஸ்பேனர்.
முதுகுப் பையிலிருந்து, துணியில் சுற்றி,
பச்சை பூத்த தாமிரக் கல் இரண்டு.
ஒவ்வொன்றாய்ப் பெஞ்சில் வைத்தான்,
போலீஸ்காரன் முன்னால் வைப்பதுபோல.

ஏறு என்றேன்.
ஐந்நூற்றுப் பதினேழு.
மறுபடி அளந்தேன்.
பதினேழு.

பூட்டு வளையத்தில் உளியை வைத்துத் தட்டினேன்.
இரண்டரைச் சுற்றுத் தளர்த்தியதும்
நூற்றைந்துக்கு வந்தது.
ஆனால் அவன் இறங்கியபின்
வெறும் வண்டி நாற்பத்தேழு தாழ்ந்து நின்றது,
ஆளில்லாமலே ஆள் ஏறியதுபோல.

வளையத்தைத் திருகித் தீராது இது என்றேன்.
ஸ்பிரிங் இப்போது உனக்குக் கடினம்.
ஒரு படி இளகியது வேண்டும்.
சந்தியாகோவில் சொன்னால் நாலு நாளில் வரும்.

வாங்காதே என்றான்.
எடை திரும்பிவிடும்.

அன்டோஃபகஸ்தா போனாயா
என்று கேட்டது ஒசியேல்தான், நானில்லை.
போனேன் என்றான்.
ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

உதைத்துக் கிளப்பிக்கொண்டு
வறண்ட ஆற்றுப் படுகைக்கு இறங்கினான்.
தூசி நேர்கோடாய்ப் போனது.
தலையாட்டம் இல்லை.
மேடு தாண்டும்போது மட்டும் பின்சக்கரம்
குதிரை உதறுவதுபோல் அவனை மேலே எறிந்தது.

ஒசியேல் ரொட்டியோடு கடைக்குத் திரும்பினான்.
எனக்கு ஏன் தோன்றியதோ,
செயினையும் ஸ்பேனரையும் கற்களையும்
தராசில் ஏற்றினேன்.
ஒன்பது கிலோ இருநூறு.
ஏதோ கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டவன் இல்லை.
நிறுத்துப் போட்டிருக்கிறான்.

சந்தியாகோக் கடைக்குப் போன் போட்டேன்.
எந்த வண்டி என்று கேட்டார்கள், சொன்னேன்.
எந்த வருஷம், சொன்னேன்.

ஓட்டுகிறவரின் எடை?