பெயர்த் திருத்தம்

அஜ்மான் சனாயாவில்
டயர்க் கடைக்கும் கரக் சாயாக் கடைக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
லுஹர் தொழுதுவிட்டு ஷட்டரைத் தூக்கும்போது
வெயிலில் நின்றிருந்தான்
அடைக்கலம் மகன் ராஜா.
பாஸ்போர்ட்டில் அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி.
கால்சட்டையில் டைல்ஸ் பசை காய்ந்து
ஏதோ ஒரு தீவுக் கூட்டத்தின் வரைபடம்.

மெடிக்கலில் அவனைப் பெண்கள் வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.
முக்காடுகள் மொத்தமாய்த் திரும்பினவாம்.
ஒரு ஃபிலிப்பினோ நர்ஸ் மட்டும்
சிரிக்காமல் நாற்காலி போட்டாளாம்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
எனக்கு முன்னால் தட்டியவன் எவனோ
நீட்ட வேண்டிய ராவைக் குறிலாக்கி
கடைசியில் ஒரு ஹம்ஸா வைத்திருக்கிறான்,
கோழி கொத்திப் போட்ட நொய் அளவு.
ரஜா.
அரபியில் நம்பிக்கை.
பெரும்பாலும் பெண்பிள்ளைக்கு வைப்பார்கள்.

"நம்பிக்கையா?" என்றான்,
கைமாற்று கேட்டவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்து.

வேலையிடத்தில் அவன் ராஜ் மிஸ்திரி.
பீகார்க்கார ஃபோர்மேன் தேவ்நாராயணுக்கு
ராஜ் என்றால் கொத்தன்.
ஒன்பதாம் மாடிக்கு ஏழு ராஜ் போதும் என்று கத்துவான்.
ஏழு அரசர்கள் பக்கெட்டோடு லிஃப்டில் ஏறுவார்கள்.
கோ, கோ என்றும் கத்துவான்.
நமக்கு அதுவும் அரசன்தான், பசுவும்கூட.
அங்கே அதற்குப் பொருள் ஓடு.

அறந்தாங்கியிலிருந்து சீட்டுக்காரர் பேசுவார்:
"என்ன ராசா, இந்த மாசமும் இல்லையா?"
அந்த ராசாவில் மகுடம் கிடையாது.
சட்டைக் காலரை நீவிவிடும் ஒரு விரல் இருக்கிறது.

அறையில் கேரம் பலகை. அதில் ராணி உண்டு,
ராஜா இல்லை.
மலையாளிகளோடு இருபத்தெட்டு ஆடினால்
ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு,
ராஜாவுக்குச் சுழி.
வெட்டுப்பட மட்டும் வருவார்.

சொல்லைத் தோண்டுகிற வியாதி எனக்கு உண்டு.
தட்டிக்கொண்டே சொன்னேன்:
மலிக் என்றால் மன்னன்.
ஒரு துணைக்கால் போட்டுப்பார், மாலிக்,
உடைமைக்காரன்.
"அப்ப எங்க முதலாளிக்கு
ராஜாவ விட ஒரு கால் கூட."
உன் பாஸ்போர்ட் அந்தக் காலுக்கடியில்தானே இருந்தது
என்று நான் சொல்லவில்லை.

ராஜா என்ற சொல் வந்த வழியில் சண்டை உண்டு.
ஒளிர்பவன் என்பார் ஒருவர்.
குடிகளை மகிழ்விப்பவன், இது இன்னொருவர்.
கோணலை நேராக்குபவன் என்று
வேர்ச்சொல்லை இழுத்துக் கட்டுவோரும் உண்டு.
ராஜா யோசிக்கவில்லை.
பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து
என் மேசைமேல் வைத்தான்.
குமிழி இடப்பக்கம் ஓடியது.
"மேச சாஞ்சிருக்குண்ணே."
பழைய விண்ணப்பம் ஒன்றை நாலாய் மடித்து
காலுக்குக் கீழே செருகினான்.
ஏழு வருடம்
அந்தச் சாய்வில்தான் ஊருக்கெல்லாம் பெயர் அடித்திருக்கிறேன்.

நூற்றிருபது திர்ஹம் என்றேன்.
பழந்தமிழில் இறை என்றால் அரசன்,
இறை என்றால் வரியும்தான் என்றேன், ஆறுதலாக இருக்கட்டுமென்று.
ஆறுதலாக இல்லை.
பத்துகளாய், பிறகு ஐந்துகளாய்,
கடைசியில் சில்லறையாய்
இறை இறுத்தது இறை.

ஹம்ஸாவை அழித்தேன். ஒரே விசை.
நம்பிக்கை போய் ராஜா வந்தான்.

சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.
கண்ணாடிக் கதவில் ஒட்டிய தாளைக் காட்டி
"அதுலயும் அந்த எழுத்து இருக்கேண்ணே" என்றான்.
இருந்தது. அதே ரா, அதே ஜீம், அதே நொய்.
ரஜா என்பது தயவுசெய்து என்றும் ஆகும்.
இந்த ஊர்க் கதவுகள் எல்லாவற்றிலும் உண்டு:
தயவுசெய்து சாயாதீர்,
தயவுசெய்து வண்டி நிறுத்தாதீர்.
என் கதவில், தயவுசெய்து காத்திருக்கவும்.

அதற்குக் கீழே போய் உட்கார்ந்தான்,
பசை காய்ந்த முழங்கால் இரண்டையும்
நேராக வைத்து.