இடது கால்

விடிய நாலு மணி. பௌத்தாலோக மாவத்தை.
டிரக்டருக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி,
அதற்கும் பின்னால் ஹோஸோடு ஜெசிந்தா.
ஒரு கன்றுக்கு அவள் எண்ணுவது பதினொன்று.

அவள் நடைக்குச் சரியாய் ஊர
போன வருஷமெல்லாம்
கிளட்ச்சைப் பாதி மிதித்தே வைத்திருந்தேன்.
போகவுமில்லை, நிற்கவுமில்லை.
கருகல் மணம் வந்தது; கான் நாற்றம் என்றிருந்தேன்.
மூன்றாவது தட்டைத் தரும்போது
ஸ்டோர் கீப்பர் நிஹ்மத்
என் சப்பாத்தைத்தான் பார்த்தான்.

இப்போது லோ ரேஞ்ச், முதல் கியர்,
மிதி முழுதாய் மேலே.
எஞ்சின் தானே இழுக்கும்.
முழங்கால் வீங்கிய நாட்களில்
அதுவும் அவளுக்கு வேகம்.
அப்போது ஒரே மிதி, நியூட்ரல், பிரேக்.
நிற்பதென்றால் நின்றுவிடுவது.
முதல் பஸ் பின்னால் ஹோர்ன் அடிக்கிறது.
அடிக்கட்டும்,
பதினொன்று வரை எண்ணத் தெரியாதவன்.

கஷ்டம் இடது காலுக்குத்தான்.
சும்மா இருந்து பழக்கமில்லை அதற்கு.
மிதியில் தொற்றப் பார்க்கும்;
இழுத்துத் தகட்டில் வைப்பேன்.
ராத்திரி மெத்தையைப் பாதி மிதிக்கிறதாம்.
"போறதெண்டா போங்க," என்கிறாள் மனைவி,
"இல்லாட்டிப் படுங்க."