ஊடையில்லாப் பாவு

மைனாவதியின் இடது காதுக்கு
வட்டமாய் ஒரு துண்டு வெட்டினேன், போன மாசியில்.
காதுத் துளையின் வாசலில் துருத்தி நிற்கிறதே ஒரு மொக்கு,
அதற்குள்ளிருந்து எடுத்த குருத்தெலும்பு.
அரை மில்லிமீட்டருக்குச் சீவி,
சுத்தியல் எலும்பின் காம்புக்கு ஓர் இடம் கொத்தி,
சுற்றிலும் அதன் சவ்வைப் பாவாடையாய் விரித்து
நடுவில் தீவாக உட்காரவைத்தேன்.

அதற்கு முன்பு சேலத்தில் யாரோ
நெற்றிப்பொட்டுத் தசையின் உறையை ஒட்டியிருந்தார்கள்.
ஒரு சளிக்கே கிழிந்துவிட்டது.
குருத்து அப்படியல்ல.
ரத்தம் கேட்டு அழாது,
பட்டினி கிடக்கத் தெரிந்தது.

வலது காது ஐப்பசியில்.
அதே குருத்து, அதே கத்தி.
இந்த முறை ஆறு சீவலாக நறுக்கி
ஒன்றன் பக்கத்தில் ஒன்றாய் நிறுத்தினேன்.
மூங்கில் தட்டி மாதிரி என்றார்
மயக்க மருந்து கொடுத்த இளம்பரிதி.
பள்ளிபாளையத்தில் ஆறு வருடமாகக் காது பார்க்கும் எனக்கு
அது பாவு.
ஊடை ஓடாத பாவு.
இழைக்கும் இழைக்கும் நடுவில் விட்ட சந்துகளை
உடம்பே நெய்து முடித்துக்கொள்ளும்.

தீவு சட்டென்று அமரும்,
ரொம்ப மெலிந்தால் அப்பளமாய்ச் சுருளும்.
தட்டியில் ஒரு சீவல் சரிந்தாலும் மற்றவை நிற்கும்,
ஆனால் நாற்பது நிமிடம் கூடுதல், கழுத்து வலி எனக்கு.
இரண்டுக்கும் பொதுவாய் ஒரு குறை:
ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கதவு வைத்த கதை.
பின்னால் நீர் கோத்தால்
வெளியே நிற்பவளுக்குத் தெரியாது.

தை பிறந்ததும் ஒலியறைக்குள் உட்கார்ந்தாள்.
இடது இருபத்திரண்டு டெசிபெல். வலது இருபத்திமூன்று.
சீழ் இல்லை, இரண்டும் காய்ந்து கிடந்தன.
இந்த ஒன்றை வைத்துக்கொண்டு
ஒரு கருத்தரங்கில் நான்கு பேர் மத்தியானம் வரை சண்டை போடலாம்.

"எந்தக் காது தேவலைங்க?"
"ரெண்டும் கேக்குதுங்க."
"எச்சாக் கேக்கறது?"
யோசித்தாள்.
"போன் வந்தா இடதுலதானுங்க வெப்பேன்."
என் பேனா தீவின் பக்கம் சாய்ந்தது.
எதற்கும் ஏன் என்று கேட்டுவைத்தேன்.
"தார் சுத்தறப்போ ரெண்டு கையும் ஒழியாதுங்க.
போனைத் தோள்லதான் இடுக்கோணும்.
வலத்தோளு பிடிச்சுக்கிட்டு எட்டு வருசமாச்சு.
இடதுதானுங்க வாகு."

பட்டறைக்குள் காதடைப்பான் போடச் சொன்னேனே?
"போட்டேனுங்க ரெண்டு நாளு.
நாடா தட்டுற சத்தம் மாறுனா
உள்ள இழை அந்துபோச்சுன்னு அர்த்தம்.
அது கேக்காமப் போச்சுங்க."
சிரித்தாள். கழற்றிவிட்டாளாம்.

இரண்டு விதமாய்ப் பூட்டிய இரண்டு காதுகளோடு
அவள் படியிறங்கிப் போனாள்,
மூன்று மணி ஷிப்டுக்கு.

படிவத்தில் 'நோயாளி விரும்புவது' என்ற கட்டத்தில்
'இடது' என்று எழுதினேன்.
காரணத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்:
தோள்.