பக்கம் மூன்று, வரி பதினொன்று

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் எனக்கொரு மேசை.
தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலமாக்குவேன்,
பக்கத்துக்கு நூற்றைம்பது.
கரண்டு போனால் கையால் எழுதுவேன்,
அதற்கும் அதே விலை.

மார்ச்சில் உலகம்மாள் சொல்லியிருந்தாள்:
"அவிய குடிக்கத நிப்பாட்டி
எட்டு மாசம் ஆச்சு."
அன்றைக்கு அது ஏழாவது கட்டு, மணி ஆறரை.
நான் அடித்தேன்:
ஹி ஸ்டாப்டு டு டிரிங்க்.

பிழையில்லாத வாக்கியம்.
கம்ப்யூட்டர் அதன் கீழே
சிவப்புக் கோடு போடவில்லை.
இலக்கணத்துக்கு அதன்மேல் வழக்கே கிடையாது.
ஆனால் அந்த வாக்கியத்தில் கொம்பையா
கங்கைகொண்டான் தாண்டி, நாற்கரச் சாலையில்,
வெங்காய லோடை ஓரங்கட்டிவிட்டு
குடிக்க இறங்குகிறான்.
குடிக்கிறான்.
மறுபடி ஏறி ஓட்டிப் போய்,
காற்றாலை இறக்கையைச் சுமந்தபடி
பின்விளக்கில்லாமல் இருட்டில் நின்ற டிரெய்லருக்குள்
நுழைகிறான்.

இன்சூரன்ஸ் வக்கீல் அந்த வரியை
இரண்டு முறை வாசித்தாராம்.
இரண்டாம் முறை மெதுவாக.

தமிழில் இப்படி விழ வழியில்லை.
நின்றான் வேறு, நிறுத்தினான் வேறு.
தன்வினையும் பிறவினையும்
வாசலிலேயே ஆளைப் பிரித்துவிடும்.
அங்கே வாசல் ஒன்றுதான்.
ஸ்டாப்டு என்று நுழைந்த பிறகு
பின்னால் வருவதைப் பார்த்துத்தான் திசை தெரியும்.
இங் வந்தால், விட்டுவிட்டான்.
டு வந்தால், இனிமேல்தான் தொடங்கப் போகிறான்.

என்ஜாய்க்குப் பின் டு போட்டவனையும்
டிசைடுக்குப் பின் இங் போட்டவனையும்
எனக்குத் தெரியும். காது உறுத்தும்,
ஜூனியர்கள் சிரிப்பார்கள், அத்தோடு போச்சு.
உறுத்தாத நாலைந்து பேர் இருக்கிறார்கள்:
ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட், ரிக்ரெட்.
எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்,
முகம் சுளிக்க மாட்டார்கள்,
வேறொரு ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

டேனியல் ஜெபசிங் வக்கீல் கட்டோடு வந்தார்.
பக்கம் மூன்று, வரி பதினொன்று.
"யார் அடிச்சது?"
அடியில் என் இனிஷியல் இருந்தது.
அதை அவரும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

திருத்தக் கோரும் அஃபிடவிட்.
ஐ ரிக்ரெட் என்று தொடங்கினேன்.
விரல் பழக்கத்தில் டு அடித்தது.
எத்தனை மறுப்புக் கடிதம் அடித்த விரல்:
வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ.
அதில் வருத்தம் முன்னால் நடக்கும்,
சேதி பின்னால் வரும்,
யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.
அழித்தேன்.
ரிக்ரெட் டைப்பிங் என்று அடித்தேன்.
இப்போது செய்தவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

உலகம்மாள் கையெழுத்துப் போட வந்தபோது கேட்டாள்,
"என்ன தாயி தப்பு?"
ரெண்டு எழுத்து அதிகம், மூணு எழுத்து குறைவு என்றேன்.
பேனா மூடியைத் தேடி மாட்டிவிட்டுச் சொன்னாள்:
"கை நடுங்கும், ராத்திரி முழிச்சே கெடப்பாவ.
எட்டு மாசம்.
நீங்க ரெண்டு எழுத்துல குடிக்க வச்சிட்டியளே."

கோபமாகச் சொல்லவில்லை.
பஸ்ஸுக்கு நேரமாகுது என்கிற மாதிரி சொன்னாள்.

பத்தொன்பதாம் தேதிக்கு வாய்தா.
திருத்தத்தை ஏற்பார்களா, தெரியாது.
காசு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.
அவள் போன பிறகு பார்த்தால்
ஸ்டேப்ளருக்கு அடியில் நூற்றைம்பது,
நூறு ஒன்று, ஐந்து பத்துகள்.

திருப்பிக் கொடுக்க
இரண்டு முறை மறந்துவிட்டேன்.
வாங்கியதை
ஒரு முறைகூட மறக்கவில்லை.