எல்லாம் நார்மல்

ஐந்து ரோட்டு லேபில்
எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
அங்கே பிடித்தது எனக்குச் சனி.

சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை.
ஐம்பத்திரண்டு வயதில்
இவ்வளவு நல்ல ரத்தம்
என்னுடையதாக இருக்க வழியே இல்லை.
மாறிப்போயிருக்கிறது.
கவுன்ட்டர் பெண்ணிடம் மறுபடி கேட்டேன்.
"சந்தோஷமா போங்க சார்" என்றாள்.
சாகப்போகிறவனிடம்தான் அப்படிச் சொல்வார்கள்.

நேர்த்திக்கடன் என்று
செங்கமலம் ஏற்காடு பஸ்ஸில் ஏற்றினாள்.
அடிவாரத்தில் டிரைவர் கொட்டாவி விட்டார்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு
ஒரு கொட்டாவி போதும்.

மூன்றாவது வளைவில் பிரேக் நன்றாகப் பிடித்தது.
இப்படிப் பிடித்தால் எத்தனை நாளைக்குப் பிடிக்கும்?
ஒன்பதாவதில் ஒரு குரங்கு
பஸ்ஸில் அத்தனை பேர் இருக்க
என்னை மட்டும் பார்த்தது.
பதினான்கில் மேகமே இல்லை.
இருந்திருந்தால்
பள்ளமாவது தெரியாமல் இருந்திருக்கும்.

தட்டுவடையைக் கடித்துக்கொண்டே
"சேலம் எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்றாள்.
பார்த்தேன்.
அந்தக் கூரைகளில் ஏதோ ஒன்றின் கீழே
என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு
ஒரு மனுஷன்
மல்கோவா சீசனில்
பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருக்கிறான்.
பெண்டாட்டி வேறு பக்கத்தில் நின்று
மிச்சம் வைக்காதீங்க என்பாள்.

சேர்வராயன் குகைக்குள் குனிந்து போய்
அவனுக்காகத்தான் கும்பிட்டேன்.
பேர் தெரியாததால்
லேப் பெயரைச் சொன்னேன்.

நிமிரும்போது
பாறை மண்டையில் நங்கென்று இடித்தது.

அப்பாடா.

இனி தைரியமாக இறங்கலாம்.