அனுமதி பெறாத வேகத்தடை

எருக்கஞ்சேரியில், பள்ளி வாசலுக்கு நேரே
ஒரே ராத்திரியில் முளைத்திருந்தது.
டேப்பை நிறுத்தி அளந்தேன்:
பதினாறு சென்டிமீட்டர்.
விதிப்படி பத்து.

உடைத்த செங்கல், எங்கோ மிஞ்சிய சிமெண்ட்,
மேலே பெயின்டுக்குப் பதில் சுண்ணாம்பு.
ஈரம் காயுமுன் ஒரு நாய்
குறுக்கே நடந்து போயிருக்கிறது.

நிலோஃபரின் கால் முறிந்த மறுநாளே
மதிப்பீடு எழுதியவன் நான்தான்.
தலைப்பில் நிதி இல்லை என்று திரும்பியது.
அப்புறம், சாலை நம்முடையதே இல்லை,
நெடுஞ்சாலைத் துறையைக் கேள் என்றது.
கேட்டேன்.
போக்குவரத்துக் காவலின் சான்று வந்த வாரம்
மார்ச் முடிந்து
பணம் தன் வழியே போய்விட்டது.

இடிப்பதற்கு மட்டும் எப்போதும் ஒரு தலைப்பு உண்டு.
அதோ, ஜேசிபியோடு ஏகாம்பரம் நிற்கிறார்.

"யார் போட்டது?"
டீக்கடையில் எல்லோரும் கிளாசுக்குள் பார்த்தார்கள்.
மாஸ்டரின் நகக்கண்ணில் சிமெண்ட்.

காவலர் தேவசகாயம்
அபராத மெஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"காலையிலேர்ந்து ஒருத்தன்கூட
வேகமா வரல சார்.
மாச டார்கெட்டுக்கு நான் எங்க போறது?"

மணி அடித்தது.
பிள்ளைகள் அதன்மேல் ஏறி நின்று
தெருவைக் கடந்தார்கள்,
ஒரு லாரி காத்திருந்தது.

பதிவேட்டில் பத்து என்று எழுதினேன்.
டீசல் காசுக்குக் கை நீட்டினார் ஏகாம்பரம்.
என் பர்சிலிருந்து கொடுத்தேன்,
ரசீது இல்லாமல்.

திரும்புகையில், யோசனையில்,
ஸ்கூட்டரை அதன்மேலேயே விட்டேன்.
பதினாறும்
முதுகெலும்பில் சரியாகப் பதிந்தது.